பெங்களூரில் வீட்டுப் பூந்தோட்டம்

பூச்சூடுவதும் பூவைக் கண்டு மகிழ்வதும் நம் மக்களுக்குப் புதியன அல்ல. நிலத்தை ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுக்குப் பெயரிடும்போது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று செடியையும் கொடியையும் மரத்தையுமே நினைத்தனர். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கிச் சொல்லப்பட்டுள்ளன. அத்தகைய மரபில் வந்த நம்மில் பலர், இன்று பூவைக் கடைத்தெருவில் முழம் போட்டு வாங்கும் பொருளாக மட்டுமே அறிகிறோம். வாங்கிய பூ மாலைக்குள் வாடிவிடும். வளர்த்த பூவோ மொட்டாக இருந்த நாள் முதல் நமக்குத் துணையாக இருக்கும். பொருட்செலவு மிகுதியாக இல்லாத, உடலுக்கு உழைப்பும் உள்ளத்துக்கு அமைதியும் தருகின்ற இன்பங்கள் இல்வாழ்க்கையில் சிலவே. வீட்டுப் பூந்தோட்டம் அவற்றுள் ஒன்று. பெங்களூர் நகரத்தில் அதனை அமைப்பது எவ்வாறு, அதற்கேற்ற மண்ணும் நீரும் பருவமும் யாவை, தண்ணீர்த் தட்டுப்பாடு நேரும் காலத்தில் அதனைப் பேணுவது தகுமா என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

பெங்களூரைப் பூங்கா நகரம் என்று அழைப்பது வெறும் புகழ்ச்சியன்று. 1760ஆம் ஆண்டில் ஐதர் அலி தொடங்கி, அவர் மகன் திப்பு சுல்தான் விரிவாக்கிய லால்பாக், இன்று 240 ஏக்கர் பரப்பில் நகரத்தின் நடுவே பசுமையாக விளங்குகிறது. 1856ஆம் ஆண்டு முதல் அது அரசாங்கத் தாவரவியல் தோட்டமாயிற்று. அதன் கண்ணாடி மாளிகைக்கு 1889ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆண்டுதோறும் குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி அங்கே மலர்க் காட்சி நடைபெறுகிறது. லால்பாக்கைப் பல ஆண்டுகள் நிருவகித்த ஜான் காமரன் வெளிநாட்டுச் செடிகள் பலவற்றை இங்கே பயிரிட்டுப் பழக்கினார். நம் சமையலறைச் சௌசௌவும் அவரால் இந்நகருக்கு வந்தது என்று சொல்வர். தமிழ்நாட்டில் அக்காய்க்குப் பெங்களூர்க் கத்தரிக்காய் என்னும் பெயர் வழங்குவதை நாம் அறிவோம். ஒரு தோட்டத்தில் ஊன்றிய விதை பல மாவட்டங்களின் அடுப்பங்கரை வரை சென்றுவிட்டது.

இந்நகரின் தோட்டக்கலைக்குத் தமிழ் மக்களோடும் நெடுநாளையத் தொடர்பு உண்டு. வன்னிகுல க்ஷத்திரியர் எனப்படும் திகளர் சமூகத்தார், பெங்களூரின் ஏரிக்கரைகளிலும் பேட்டைப் பகுதியின் ஓரங்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பூவும் காயும் கனியும் பயிரிட்டவர்கள். அவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. தர்மராயசுவாமி கோயிலில் சித்திரை மாதத்து முழுநிலவு நாளில் அவர்கள் நடத்தும் கரகத் திருவிழா இன்றும் நகரத்தின் பெருவிழாவாகும். மல்லிகை மலரால் கோபுரம்போல் அலங்கரித்த கரகத்தைத் தலையில் தாங்கியவர் நள்ளிரவில் கோயிலிலிருந்து புறப்பட்டு, விடியும் வரை பேட்டைத் தெருக்களில் வலம் வருவார். மல்லிகை மிகுதியாகப் பூக்கும் பருவத்திலேயே அவ்விழா அமைந்திருப்பது கருதத்தக்கது. தோட்டக்காரர்களின் விழா தோட்டத்தின் பருவத்தோடு ஒத்துச் செல்கிறது.

1908ஆம் ஆண்டில் மைசூர் அரசின் தோட்டங்களுக்குப் பொறுப்பேற்றவர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகல் என்னும் ஜெர்மானியர். இலண்டன் நகரத்துக் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்று, பரோடாவில் பணிபுரிந்தபின் இங்கு வந்தவர். 1956ஆம் ஆண்டில் இந்நகரிலேயே மறைந்தார். சாலையோர மரங்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர் ஓர் அரிய முறையைக் கையாண்டார். ஓர் இனம் பூத்து ஓய்ந்ததும் மற்றோர் இனம் பூக்கத் தொடங்குமாறு மரங்களைக் கலந்து நட்டார். அதனால் ஆண்டு முழுவதும் நகரத்தின் ஏதேனும் ஒரு தெருவில் மரம் பூத்திருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் மரமல்லி வெண்ணிறமாக உதிரும். பனிக்காலத்தில் இளஞ்சிவப்புத் தபேபுயா மலரும். அதனை அடுத்து மஞ்சள் தபேபுயாவும் நீலவண்ண ஜக்கராண்டாவும் பூக்கும். கோடையில் குல்மொகர் தீப்பிழம்பு போல் சிவந்து நிற்கும். நகரத்துக்குப் பயன்பட்ட இம்முறை பத்துத் தொட்டிகள் வைக்கத்தக்க நம் வீட்டுக்கும் பயன்படும். ஒரே பருவத்தில் பூக்கும் செடிகளைக் குவிப்பதைவிட, மாதத்துக்கு ஒன்றாகப் பூக்கும் செடிகளைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

இனி, வீட்டுத்தோட்டம் என்னும் பேச்சை எடுத்தவுடன் எழும் தடைக்கு வருவோம். 2023ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. அதனால் 2024ஆம் ஆண்டின் கோடை தொடங்குமுன்பே நகரத்தில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றிவிட்டன. பல பகுதிகளில் மக்கள் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றனர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், தோட்டத்துக்கும் வண்டி கழுவுவதற்கும் குடிநீரைப் பயன்படுத்தலாகாது என்று குடிநீர் வாரியம் தடை விதித்தது; மீறுவோருக்கு 5,000 ரூபாய் தண்டம் என்றும் அறிவித்தது. அதனைக் கண்டு தொட்டிகளைக் கவிழ்த்துவிட்ட குடும்பங்கள் உண்டு. குடிக்க நீரில்லாத ஊரில் பூச்செடி எதற்கு என்று வினவுவோரின் வினா நேர்மையானதே. அதற்கு விடை சொல்லாமல் பூவைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

பெங்களூருக்குக் காவிரி நீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு இறைக்கப்பட்டு வருகிறது. 1974ஆம் ஆண்டில் தொடங்கிய அத்திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. இவ்வளவு முயற்சியோடு மலையேறி வரும் நீரைக் குழாயிலிருந்து நேரே செடிக்கு ஊற்றுவது முறையன்று. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறையன்று. ஆனால் வீட்டில் ஒருமுறை பயன்பட்டு வடிகாலில் ஓடிவிடும் நீர் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தோமா? அரிசி களைந்த நீர், பருப்பும் காய்கறியும் கழுவிய நீர், கீரை அலசிய நீர் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால், நால்வர் உள்ள குடும்பத்தில் நாளொன்றுக்கு ஒரு வாளியளவேனும் கிடைக்கும். பத்து அங்குல வாயுள்ள ஒரு தொட்டிக்குக் கோடையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போதும். குளிர் நாட்களிலும் மழை நாட்களிலும் அதுவும் வேண்டுவதில்லை. ஆகவே பத்துப் பன்னிரண்டு தொட்டிகளை அடுப்பங்கரை நீரைக் கொண்டே காப்பாற்றலாம். மேற்சொன்ன வினாவுக்கு விடை இதுவே: குடிநீரைக் குடித்து வளரும் தோட்டம் ஆடம்பரம், கழுநீரைக் குடித்து வளரும் தோட்டம் சிக்கனம்.

இதில் சில எச்சரிக்கைகள் உண்டு. உப்பிட்ட நீரையும் எண்ணெய்ப் பசையுள்ள நீரையும் செடிக்கு விடலாகாது. சோப்பு கலந்த நீரை நாள்தோறும் தொட்டியில் ஊற்றினால் மண் இறுகிப்போகும். குடிநீரைத் தூய்மை செய்யும் பொறியிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் உப்புகள் செறிந்திருக்கும். அதனைத் தரை துடைக்கப் பயன்படுத்துவதே நன்று. செடிக்கு விட நேர்ந்தால் மழைநீரோடோ கழுநீரோடோ கலந்து, எப்போதேனும் ஒருமுறை விடலாம். அரிசி களைந்த நீரை இரண்டு நாள் வைத்திருந்தால் புளித்து நாற்றமெடுக்கும். அன்றன்றே ஊற்றிவிட வேண்டும். தொட்டியின் மேல்மண்ணை உலர்ந்த இலைகளாலோ தேங்காய் நாராலோ மூடி வைத்தால் வெயிலில் ஆவியாகும் நீர் குறையும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் அழுத்திப் பார்த்து, ஈரம் தட்டுப்படாதபோது மட்டுமே நீர் விடவேண்டும். வீட்டுத் தொட்டிச் செடிகளுள் நீரின்றி வாடியவற்றைவிட, நீர் மிகுந்து வேர் அழுகியவை குறைந்தவை அல்ல.

பெங்களூரின் தட்பவெப்பம் பூச்செடிக்கு மிக ஏற்றது. கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதால், கோடையில் சென்னையின் புழுக்கம் இங்கில்லை. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் வெப்பம் 39.2 டிகிரியைத் தொட்டது உண்டு. ஆயினும் அத்தகைய நாட்கள் அரியவை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் இங்கே எட்டிப் பார்ப்பதால், மே முதல் அக்டோபர் வரை மழை பரவலாகப் பெய்யும். மாற்றலாகி மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்து குடியேறும் நம்மவர்கள், ஊரில் பூத்ததுபோல் குண்டுமல்லிகை இங்கே பூக்கவில்லையே என்று வருந்துவர். மல்லிகை வெயிலை விரும்பும் செடி. இந்நகரின் மிதமான வெயிலில் அதன் பருவம் சற்றுக் குறுகியது. அதற்கு ஈடாக, சமவெளியில் வாடிப்போகும் ரோஜாவும் டாலியாவும் சாமந்தியும் இங்கே செழித்து வளரும். அந்தந்த ஊர் எதைக் கொடுக்கிறதோ அதைப் பெற்று மகிழ்வதே தோட்டக்காரரின் முதற்பாடம்.

தொட்டியைப் பற்றிச் சிறிது கூறுவோம். மண்தொட்டியின் சுவர் வழியே காற்றும் ஈரமும் புகுந்து வெளிவரும். ஆகையால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் நீர் விரைவில் உலரும். நீர்ச் சிக்கனம் கருதுவோர் மண்தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி வைக்கலாம். ஒன்றன் நிழல் மற்றொன்றைக் காக்கும். அடியில் துளை இருப்பது கட்டாயம். அத்துளையின்மேல் ஓட்டாஞ்சல்லி ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் மண் கரைந்து போகாது, நீரும் தேங்காது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய சாணி எரு ஒரு பங்கு என்று கலந்தால் பெரும்பாலான பூச்செடிகளுக்குப் பொருந்தும். மட்காத சாணியை இடுவது கேடு. அது மட்கும்போது எழும் சூடு இளவேரைப் பாதிக்கும். தொட்டியை விளிம்பு வரை நிரப்பாமல் இரண்டு விரற்கடை குறைத்து நிரப்பினால், ஊற்றும் நீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்கும்.

மாடியில் தோட்டம் அமைப்போர் எடையை மறத்தலாகாது. பத்து அங்குலத் தொட்டி ஒன்று ஈரமண்ணோடு 12 முதல் 15 கிலோ வரை இருக்கும். ஆகவே தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவரை ஒட்டி வரிசையாக வைக்கவேண்டும். கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைப்பது பார்வைக்கு அழகாயிருப்பினும், காற்றடிக்கும்போது தெருவில் நடப்பவரின் உயிருக்கே ஆபத்தாகும். நம் மகிழ்ச்சி பிறர் தலையில் விழலாகாது.

எந்தச் செடியைத் தேர்ந்தெடுப்பது? நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் இடமாயின் ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, சாமந்தி, துலுக்கச்சாமந்தி, நித்தியகல்யாணி ஆகியவற்றை வைக்கலாம். பாதி வெயிலும் பாதி நிழலும் உள்ள இடத்துக்குக் கனகாம்பரம், நந்தியாவட்டை, காசித்தும்பை ஆகியவை ஏற்றவை. நித்தியகல்யாணியை எளிய செடி என்று இகழவேண்டா. இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து அச்செடியிலிருந்தே எடுக்கப்படுகிறது. எனினும் அதன் இலையும் அரளியின் எல்லாப் பகுதிகளும் உண்டால் நஞ்சாகும். தவழும் குழந்தைகள் உள்ள வீட்டில் அவற்றைக் கைக்கெட்டாத இடத்தில் வைப்பதோ, வையாதிருப்பதோ நன்று. தரையில் சிறிது மண் உள்ளவர்கள் பவழமல்லி ஒன்று நடலாம். இரவில் மலர்ந்து விடியலில் உதிரும் அம்மலர், கோலமிட வரும் இல்லத்தரசிக்கு முன்னரே வாயிலில் கோலமிட்டு வைத்திருக்கும்.

மூன்று செடிகளின் வளர்ப்பை மட்டும் விரித்துரைப்போம். முதலாவது மல்லிகை. இது புதிதாகத் துளிர்க்கும் கிளைகளின் நுனியிலேயே பூக்கும். பலர் செடி பெரிதாக வளர்ந்தும் பூக்கவில்லை என்று குறைகூறுவதற்குக் காரணம், பழைய கிளைகளை வெட்டாமல் விடுவதேயாம். நவம்பர் இறுதியில் நீரைக் குறைத்து, டிசம்பரில் கிளைகளைப் பாதியளவு வெட்டி, எஞ்சிய இலைகளையும் உருவிவிட்டு, மேல்மண்ணைக் கிளறி எருவிட வேண்டும். பிறகு நீர் பாய்ச்சத் துளிர்கள் எழும். மார்ச்சு முதல் மொட்டுகள் தோன்றும். வெட்ட மனம் வராதவர்க்கு மல்லிகை பூக்காது. 1942ஆம் ஆண்டில் கே. எஸ். நரசிம்மசுவாமி இயற்றிய கன்னடக் கவிதைத் தொகுதிக்கு மைசூர் மல்லிகை என்பதே பெயர்; இல்லற அன்பைப் பாடிய அந்நூலுக்கு அப்பெயர் பொருந்தியதன் காரணம், மல்லிகை வளர்க்கும் வீட்டாருக்குச் சொல்லாமலே விளங்கும்.

இரண்டாவது ரோஜா. கடையில் வாங்கும் ரோஜாச் செடி பெரும்பாலும் ஒட்டுச்செடி. ஒரு முரட்டு ரோஜாவின் வேரின்மேல் நல்லினத்து மொட்டை ஒட்டியிருப்பார்கள். ஒட்டிய இடத்துக்குக் கீழேயிருந்து வேகமாகக் கிளம்பும் போத்து முரட்டு ரோஜாவினுடையது. அதனை அவ்வப்போது கிள்ளி எறியவேண்டும். அதனை விட்டுவைத்தால் நல்லினம் நலிந்து, இரண்டோர் ஆண்டில் பூவின் நிறமே மாறிவிட்டதாக நாம் வியப்போம். உண்மையில் மாறியது செடியே. மழை ஓய்ந்த அக்டோபர் இறுதியில் ரோஜாவைக் கவாத்துச் செய்தால், ஆறு அல்லது ஏழு வாரங்களில் மலரும். வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே, கூரிய கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டவேண்டும். வெளிநோக்கிக் கிளைத்தால் செடியின் நடுவே காற்றும் ஒளியும் புகும். சாம்பல் நோயும் கரும்புள்ளி நோயும் குறையும்.

மூன்றாவது சாமந்தி. சூன், சூலை மாதங்களில் இதன் இளந்தண்டுகளை நறுக்கி மணலில் ஊன்றினால் வேர்விடும். ஒரு சாண் உயரம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். சாமந்தி, பகல் குறுகி இரவு நீளும் காலத்தில் மொட்டுவிடும் இயல்புடையது. ஆகையால் அதனை இரவு முழுவதும் தெருவிளக்கின் ஒளி படும் இடத்தில் வைத்தால், இரவு வந்ததை அறியாமல் இலைகளையே வளர்த்துக்கொண்டிருக்கும். செடி நலமாக இருந்தும் பூக்கவில்லையாயின், மருந்து தேடுமுன் இரவில் அங்கே விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். தொட்டியை நான்கடி தள்ளி நிழலில் வைப்பதே அதற்கு மருந்தாகலாம்.

இவற்றோடு நிலச்சம்பங்கியையும் சேர்த்துக்கொள்ளலாம். நகருக்கு வடக்கே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் சிருங்கார், சுவாசினி, பிரஜ்வல் முதலிய நிலச்சம்பங்கி வகைகளை உருவாக்கியுள்ளது. கிழங்கை ஊன்றினால் போதும். அந்திவேளையில் அதன் மணம் அறை முழுவதும் பரவும்.

கிரும்பிகலின் முறையைப் பின்பற்றி ஆண்டுக்கு ஓர் அட்டவணை வகுத்துக்கொள்வோம். மார்ச்சு முதல் சூன் வரை மல்லிகை. அதனைத் தொடர்ந்து மழைக்காலத்தில் முல்லையும் காசித்தும்பையும் நிலச்சம்பங்கியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாமந்தியும் துலுக்கச்சாமந்தியும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரோஜாவும், செப்டம்பர் அக்டோபரில் விதைத்த பெட்டூனியா, டாலியா முதலிய பருவப்பூக்களும். இடைவெளிகளை நிரப்பக் கனகாம்பரமும் செம்பருத்தியும் நித்தியகல்யாணியும் எப்போதும் இருக்கும். ஆவணி மாதத்தை ஒட்டி வரும் வரமகாலட்சுமி நோன்பின்போது கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டில் பூவின் விலை ஏறுவதை இந்நகரத்தார் அனைவரும் அறிவர். அன்று வீட்டுச் செடியில் பறித்த ஒரு கைப்பிடிப் பூ, குடும்பத்தின் செலவில் சிறிது மிச்சம். பூசையிலோ அதற்குத் தனிச் சிறப்பு.

பூச்சிகளுக்கு அஞ்சவேண்டா. செம்பருத்தியின் இளந்துளிரில் வெண்பஞ்சுபோல் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. அச்செடியில் எறும்பு ஊர்வதைக் கண்டால் ஐயம் கொள்ளலாம். மாவுப்பூச்சி சுரக்கும் இனிய நீரை உண்பதற்காக எறும்புகள் அதனைக் காத்து, செடிக்குச் செடி பரவவும் துணைசெய்கின்றன. முதலில் நீரைப் பீய்ச்சி அடித்துப் பூச்சியை உதிர்க்கவேண்டும். பிறகு ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் நனையுமாறு தெளிக்கவேண்டும். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் தெளித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வீட்டு வாயிலில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில், கடுமையான நச்சு மருந்துகளைக் கையாள்வது வேண்டாத வேலை.

மற்றொரு பகை கொசு. தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீர், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற அதற்கு ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாட்கள் போதும். ஆகையால் வாரம் ஒருமுறை தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவேண்டும். தட்டில் மணலை நிரப்பி வைப்பதும் நன்று. மழைக்காலத்தில் வெற்றுத் தொட்டிகளையும் பூவாளியையும் குப்புற வைக்கவேண்டும். பூ வளர்க்கும் வீடு நோய் வளர்க்கும் வீடாகலாகாது.

எருவை விலைகொடுத்து வாங்கவேண்டிய தேவையும் அதிகமில்லை. துளையிட்ட ஒரு பழைய மண்பானையில், காய்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் பூசையறையின் வாடிய மலர்களையும் போட்டு, ஒவ்வொரு முறையும் அதன்மேல் இருமடங்கு உலர்ந்த இலைகளைத் தூவி மூடிவைத்தால், இரண்டு மூன்று மாதங்களில் கறுத்த, மண்வாசனை வீசும் எரு கிடைக்கும். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்தது என்பது பொருள்; உலர்ந்த இலையைக் கூட்டவேண்டும். மட்காமல் அப்படியே கிடந்தால் உலர்ச்சி மிகுந்தது என்பது பொருள். சிறிது கழுநீர் தெளிக்கவேண்டும். இறைவனுக்குச் சூட்டிய மலரைக் குப்பையில் எறிய மனம் வராமல் தவிப்போர்க்கும் இதுவே நல்ல வழி. நேற்றைய மலர் நாளைய மலருக்கு உணவாகிறது.

இத்தனை தொழில்முறைகளைக் கூறியபின், தோட்டம் தரும் பயனைச் சொல்லாதிருத்தல் இயலாது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, பெங்களூரின் பூக்கடையே ஓர் அகராதி. தமிழ் மல்லிகை இங்கே மல்லிகெ, செண்பகம் சம்பிகெ, செவ்வந்தி சேவந்திகெ, கனகாம்பரம் சற்றே குறுகிக் கனகாம்பரா. தமிழ்ச் சொல்லின் முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் விதிப்படி, பால் ஹாலு ஆனதுபோலப் பூவும் ஹூவு ஆயிற்று. முழம் மொளவாயிற்று. மல்லேசுவரத்தின் பெருந்தெரு ஒன்றுக்குச் சம்பிகெத் தெரு என்றே பெயர். எதிர்வீட்டு அம்மையாரிடம் தமிழும் கன்னடமும் கலந்து நாம் பேசும் முதற்பேச்சு, பெரும்பாலும் செடியைப் பற்றியதாகவே இருக்கிறது. ஒரு ரோஜாக் குச்சியைக் கேட்டு வாங்கிய வீட்டில், மறுவாரம் ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்து வாங்கும் உறவு ஏற்பட்டுவிடுகிறது. பூவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை.

வேலைக்குச் செல்வோர் காலையில் கால் மணி நேரம் செடிகளிடையே செலவிட்டால், நாள் முழுவதுக்கும் மனம் தெளிவாயிருக்கக் காண்பர். ஓய்வுபெற்று, செய்வதற்கு ஒன்றுமில்லையே என்று ஏங்கும் முதியோர்க்குத் தொட்டிகள் ஒரு கடமையைக் கொடுக்கின்றன. தம்மை எதிர்பார்த்து ஓர் உயிர் காத்திருக்கிறது என்னும் எண்ணம் அவர்களுக்கு ஊன்றுகோலாகிறது. குழந்தைகளுக்கோ இது ஒரு பள்ளி. முற்றி உலர்ந்த கனகாம்பர நெற்றின்மேல் நீர் பட்டால் அது பட்டென்று வெடித்து விதைகளைத் தெறிக்கும். ஒருமுறை அதனைக் கண்ட குழந்தை மறுநாளும் நெற்றைத் தேடி வரும். அந்தியில் அந்திமந்தாரை மலர்வதைக் காட்டி, நேரம் பார்க்கக் கற்பிக்கலாம். இரவு உணவுக்கு முன் வீட்டார் அனைவரும் அமர்ந்து, வாழைநாரில் மல்லிகை தொடுக்கும் பொழுதில், அன்றன்றைய செய்திகளும் கவலைகளும் தாமே வெளிவருகின்றன. கைகளுக்கு வேலை இருக்கும்போது வாய்க்கு உண்மை பேசுவது எளிதாகிறது.

ஒரு குறையும் உண்டு. நம்மில் பலர் வாடகை வீட்டிலோ அரசாங்கக் குடியிருப்பிலோ வாழ்பவர்கள். மாற்றல் உத்தரவு வந்தால் தோட்டத்தை மூட்டை கட்ட இயலாது. மூன்றாண்டு போற்றி வளர்த்த கொடியை விட்டுச் செல்வது மனத்தை உறுத்தும். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. முல்லையின் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து மண்ணில் பதியனிட்டால், சில மாதங்களில் அது தனிச்செடியாகும். அவ்வாறு ஆண்டுக்கு இரண்டு மூன்று பதியன்களை அண்டை வீட்டாருக்குக் கொடுத்து வரவேண்டும். நாம் எந்த ஊருக்குப் போனாலும் நம் முல்லை இந்தத் தெருவில் பூத்துக்கொண்டிருக்கும். கொடுத்தால் குறையாத செல்வம் கல்வி மட்டுமன்று.

பெரிய தோட்டம் வேண்டும், நிறைய இடம் வேண்டும், பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவதால் பயனில்லை. இவ்வாரமே ஒரு மண்தொட்டியும் ஒரு செம்பருத்தித் தண்டும் போதும். அடுப்பங்கரையில் ஒரு வாளி வைத்துக் கழுநீரைச் சேர்க்கத் தொடங்குங்கள். வாளி நிறையும் அளவுக்கு ஏற்பத் தொட்டிகளைப் பெருக்குங்கள். அதற்கு மேல் வேண்டா. தண்ணீரின் அளவறிந்து வளர்க்கும் தோட்டம், எந்தக் கோடையிலும் யாருடைய குடத்திலிருந்தும் நீரைப் பறிக்காது. நம் வீட்டு வாயிலில் ஒரு பூ மலர்ந்தால், தெருவில் போவோரும் ஒரு கணம் நின்று பார்த்துச் செல்வர்.